சோதனைக்கு வசதியான உயிர்

பிறந்து ஒரு நாள்கூட ஆகாத ஐந்து குஞ்சுகளைப் பூச்சிமருந்து கலந்த தண்ணீரில் விடுகிறார்கள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். சோதனை முடியும்வரை தீனி கிடையாது. 48 மணி நேரம் கழித்துக் கண்ணாடிக் குடுவையை மெல்ல அசைத்துவிட்டு 15 விநாடி உற்றுப் பார்க்கிறார்கள். அதற்குள் நீந்தாத குஞ்சு, கணக்கில் ‘அசைவற்றது’. ஒவ்வொரு மருந்தளவுக்கும் இப்படிக் குறைந்தது 20 குஞ்சுகள். எந்த அளவில் பாதிக் குஞ்சுகள் அசைவற்றுப் போகின்றனவோ, அந்த அளவுதான் மருந்தின் நச்சுத்தன்மைக்கு அடையாள எண். பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான அமைப்பு (ஓ.இ.சி.டி.) வகுத்த 202ஆம் எண் சோதனை நெறிமுறை இது. ஒரு பூச்சிக்கொல்லி சந்தைக்கு வருமுன் அதன் தயாரிப்பாளர் காட்டவேண்டிய காகிதங்களில், நீர்வாழ் உயிர்களைப் பற்றிய பக்கம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

அந்தக் குஞ்சுகளின் பெயர் டாஃப்னியா மேக்னா. இறால், நண்டின் தூரத்து உறவு. சென்னைக் கொளத்தூரில் வண்ணமீன் வளர்ப்பவர்கள் மீன்குஞ்சுக்குத் தீனியாகப் போடும் உயிர்களில் இதன் சின்ன உறவினர்களும் உண்டு. உடல் கண்ணாடி போலத் தெளிவு. நுண்ணோக்கியில் வைத்தால் இதயம் துடிப்பதை எண்ணலாம். பெண்ணே ஆண் துணையின்றிக் குஞ்சு பொரிக்கும், அத்தனை குஞ்சும் தாயின் நகல். பிறந்து பத்து நாள் வாக்கில் முதல் ஈடு, அதன்பின் மூன்று நாளைக்கு ஓர் ஈடு. பச்சைப்பாசிக் கரைசல் ஊற்றினால் போதும், வளர்ந்துகொண்டே இருக்கும். ஆய்வகத்தில் வைத்துப் பார்க்க இதைவிடத் தோதான பிராணி கிடைப்பது கடினம்.

சிக்கலும் அந்தத் தோதில்தான் இருக்கிறது. பத்து நாளில் தாயாவது, துணை தேடாமல் பெருகுவது, கிடைத்ததைத் தின்று வாழ்வது ஆகிய இதே குணங்கள்தான் குளத்தில் நஞ்சு கலந்து கூட்டம் அழிந்தாலும் மிஞ்சிய சிலவற்றிலிருந்து ஒரே மாதத்தில் மீண்டுவிட உதவுகின்றன. ஊரில் காய்ச்சலை யாரெல்லாம் தாங்குவார்கள் என்று பார்க்கக் கபடிக் குழுத் தலைவனை மட்டும் கூப்பிட்டுச் சோதித்த கதைதான். அவன் கைக்கு எளிதில் கிடைத்தான் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

இமிடாகுளோபிரிட் விஷயத்தில் இது எவ்வளவு தூரம் போனது என்று பார்க்கலாம். அசுவினி, தத்துப்பூச்சி, வெள்ளை ஈ என்று சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்காக நெல்லுக்கும் பருத்திக்கும் காய்கறிக்கும் நம் உழவர்கள் அடிக்கும் மருந்துதான். பூச்சியின் நரம்பில் அசிட்டைல்கோலின் வந்து உட்காரும் ஏற்பியில் இது போய் ஒட்டிக்கொள்ளும். டாஃப்னியாவை வைத்துச் சோதித்தால், பாதிக் குஞ்சுகளை முடக்க லிட்டருக்கு ஏறத்தாழ 85 மில்லிகிராம் வேண்டும். ஒரு பூச்சிக்கொல்லிக்கு இது பயப்படவே தேவையில்லாத எண். வழக்கமான விதிப்படி நூறால் வகுத்துப் பாதுகாப்பு வரம்பு போட்டாலும் லிட்டருக்கு 850 மைக்ரோகிராம் வருகிறது.

நெதர்லாந்தில் வாகனிங்கன் ஆய்வாளர்கள் இதே மருந்தை மேஃப்ளை எனும் பூச்சியின் நீர்ப்பருவப் புழுக்களுக்குக் கொடுத்து 2013இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நான்கு நாள் சோதனையில் பாதிப் புழுக்கள் முடங்க லிட்டருக்கு ஒன்றிரண்டு மைக்ரோகிராம் போதுமாக இருந்தது. 28 நாள் வைத்திருந்தபோது 0.03 மைக்ரோகிராம் அளவிலேயே பாதிப்பு தெரியத் தொடங்கிவிட்டது. டாஃப்னியாவை மட்டும் நம்பிப் போட்ட வரம்புக்குள்ளேயே மேஃப்ளை பல முறை செத்திருக்கும். இத்தனைக்கும் இரண்டும் ஒரே குட்டையில் குடியிருக்கக்கூடிய உயிர்கள்.

பூச்சிக்கொல்லி என்றால் டாஃப்னியாவோடு ஒரு பூச்சியையும் சேர்த்துச் சோதிக்கவேண்டும் என்று ஐரோப்பிய விதிகள் பிற்பாடு சொல்லின. நல்லதுதான். ஆனால் எந்தப் பூச்சி? உலகச் சந்தையில் பதிவான வேதிப்பொருட்களும் கலவைகளும் மூன்றரை லட்சத்துக்கு மேல். பெயரிடப்பட்ட உயிரினங்கள் ஏறத்தாழ 20 லட்சம். இரண்டையும் பெருக்கி ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு குடுவை வைக்க எந்த நாட்டாலும் ஆகாது. அழிவின் விளிம்பில் நிற்கும் உயிரைப் பிடித்துவந்து எத்தனை கிராமில் சாகிறது என்று பார்க்கவும் முடியாது.

அதனால்தான் சென்ற இருபது ஆண்டுகளில் சூழல்நச்சியலாளர்களில் ஒரு சாரார் கேள்வியையே மாற்றினார்கள். இந்த இனம் எந்த அளவில் சாகும் என்பதை ஒவ்வொன்றாகச் சோதிப்பதற்குப் பதில், அது எப்படி மூச்சு விடுகிறது, எதைத் தின்கிறது, ஆண்டில் எந்த மாதங்களைத் தண்ணீரில் கழிக்கிறது, எத்தனை முறை முட்டையிடுகிறது, செத்துப்போனால் அந்த இடத்தை நிரப்பப் பக்கத்திலிருந்து யார் வருவார்கள் என்று கேட்டார்கள். உயிரினத்தின் இந்தப் பண்புகளைக் கொண்டே, ஒரு நஞ்சு வந்தால் யார் முதலில் வீழ்வார்கள் என்று கணிக்கலாம் என்பது அவர்கள் துணிபு.

மூச்சை மட்டும் எடுத்துக்கொள்வோம். குளத்தில் முதுகைக் கீழே போட்டு மல்லாந்து நீந்தும் பூச்சிகளைப் பார்த்திருப்பீர்கள். காற்றுக்காக அவை மேற்பரப்புக்கு வந்து, ஒரு குமிழியை உடலோடு ஒட்டவைத்துக்கொண்டு கீழே போகும். நீர்வண்டுகள் பலவும் அப்படித்தான். மேஃப்ளைப் புழுவோ வயிற்றின் இருபுறமும் இலை இலையாக விரிந்த செவுள்களை அசைத்துத் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை எடுக்கிறது. ஆக்சிஜன் எளிதாக நுழைய மெலிந்த தோல் எதையும் நுழையவிடும்; கரைந்த மருந்தும் அதே வாசலில் உள்ளே போகும். உடல் சின்னதாக இருந்தால் கன அளவுக்கு மேற்பரப்பு அதிகம், ஆகவே உடலுக்குள் மருந்து சேரும் வேகமும் அதிகம். ஒரே அணைக்கட்டுத் தண்ணீரில் ஒரே நாள் நிற்கும் இரண்டு உயிர்களுக்குள் போகும் நஞ்சின் அளவு இப்படி ஒன்றாக இருப்பதில்லை.

தின்னும் விதமும் பேசும். பைரித்ராய்டு வகை மருந்துகள் தண்ணீரில் நிற்காமல் வண்டலிலும் இலைத்துகளிலும் போய் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் எடுத்துப் பரிசோதித்தால் கொஞ்சமாகத்தான் தெரியும். அழுகும் இலையைச் சுரண்டித் தின்னும் புழுவுக்கு அது சாப்பாட்டோடு வந்து சேர்ந்துவிடும்.

இவற்றையெல்லாம் பட்டியல் போட்டுப் பார்ப்பது எளிது. ஓடும் ஆற்றில் அதை எடைபோட்டுக் காட்டியவர் ஜெர்மனியின் லைப்சிக் நகரிலுள்ள ஹெல்ம்ஹோல்ட்ஸ் சூழலியல் ஆய்வு மையத்தின் மத்தியாஸ் லீஸ். அவரும் பீட்டர் ஃபான் டெர் ஓவும் மத்திய ஜெர்மனியில் வயல்களுக்கு நடுவே ஓடும் 20 ஓடைகளை ஆராய்ந்து 2005இல் எழுதிய கட்டுரைதான் இந்தத் துறைக்கு ஒரு திருப்பம். அவர்கள் கவனித்த முதல் சங்கதி, பூச்சிமருந்து ஓடைக்குள் தினமும் ஒரே சீராக வருவதில்லை என்பது. உழவர் மருந்தடிக்கிறார், இரண்டு நாள் கழித்துக் கனமழை கொட்டுகிறது, வயல் நீர் ஓடைக்குள் சரிகிறது, சில மணி நேரம் மருந்தின் செறிவு உச்சத்துக்குப் போய் இறங்கிவிடுகிறது. மாதத்துக்கு ஒருமுறை அதிகாரி வந்து பாட்டிலில் தண்ணீர் மொண்டு போனால் அந்த உச்சம் சிக்கவே சிக்காது. அதனால் மழையில் நீர்மட்டம் உயரும்போது தானாகவே தண்ணீர் பிடித்துக்கொள்ளும் மாதிரிக் கருவிகளை ஓடைக்குள் வைத்தார்கள்.

பிறகு வலையில் சிக்கிய உயிர்களை நான்கு கேள்விகளால் சலித்தார்கள். டாஃப்னியாவோடு ஒப்பிட்டால் இந்த உயிர் நஞ்சுக்கு எளிதில் வசப்படுமா? ஒரு தலைமுறைக்கு அரை ஆண்டோ அதற்கு மேலோ ஆகுமா? வயல்களில் மருந்தடிப்பு உச்சத்தில் இருக்கும் மே, ஜூன் மாதங்களில் புழுவாகத் தண்ணீருக்குள் கிடக்குமா, அல்லது அதற்குள் சிறகு முளைத்து வெளியேறிவிடுமா? வேறு இடத்திலிருந்து வந்து குடியேறும் திறன் குறைவா? நான்கிலும் மாட்டிக்கொள்ளும் இனங்கள் ‘ஆபத்தில் உள்ளவை’. மற்றவை ‘ஆபத்தில் இல்லாதவை’. ஓர் ஓடையில் பிடித்த உயிர்களில் முதல் வகையின் பங்கு எவ்வளவு என்பதே குறியீடு. அதன் பெயர் ஸ்பியர்.

எடுத்துக்காட்டாக, ஆண்டுக்கு ஒரு தலைமுறை மட்டும் காணும், மே மாதம் முழுக்கக் கல்லுக்கடியில் ஒட்டிக்கிடக்கும் ஒரு கேடிஸ்ஃப்ளைப் புழுவை நினைத்துக்கொள்ளுங்கள். மணலையும் குச்சியையும் பட்டிழையால் கோத்துக் கூடு கட்டிக்கொண்டு உள்ளே வாழும் பூச்சி அது. ஒரு மழை இரவில் செத்தால் அடுத்த ஆண்டு வரை அந்த இடம் காலி. அதன் பக்கத்திலேயே மண்ணுக்குள் நெளியும் புழு இனங்களுக்கு அதே நஞ்சு பெரிதாக உறைப்பதில்லை. பருவமும் பார்க்காமல் பெருகிக்கொள்ளும். வெறும் இனங்களின் எண்ணிக்கையைப் பார்த்திருந்தால் ஓடை நலமாக இருப்பதாகவே தோன்றியிருக்கும்.

முடிவு அதிகாரிகளுக்கு உவப்பானதாக இல்லை. டாஃப்னியாவைக் கொல்லும் அளவில் நூறில் ஒரு பங்கிலிருந்து ஆயிரத்தில் ஒரு பங்குக்குள்ளேயே ஓடைகளில் ஆபத்தில் உள்ள இனங்கள் சரியத் தொடங்கியிருந்தன. நூறால் வகுத்தால் பாதுகாப்பு என்று வகுத்த விதி ஓடையில் பொய்த்தது. ஆனால் மேற்பகுதியில் காட்டுக்குள் ஓடிவரும் ஓடைகள் மட்டும் அதே அளவு மருந்து கலந்தும் ஓரளவு தேறின. காட்டுப் பகுதியிலிருந்து உயிர்கள் கீழே மிதந்து வந்து காலி இடங்களை நிரப்பியிருக்கின்றன. ஒரு மருந்தின் ஆபத்து மருந்தில் மட்டும் இல்லை, மேட்டில் மரம் நிற்கிறதா என்பதிலும் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய ஆய்வை நான் படித்ததில்லை.

பண்பை வைத்து அளப்பதால் இன்னொரு லாபமும் உண்டு. ஜெர்மனியின் மேஃப்ளை இனம் பின்லாந்தில் இல்லாமலிருக்கலாம், பிரான்ஸில் வேறொன்று இருக்கலாம். ஆனால் செவுளால் மூச்சுவிட்டு ஆண்டுக்கு ஒருமுறை பெருகும் ஏதாவது ஒரு பூச்சி மூன்று நாட்டிலும் இருக்கும். அதனால்தான் பின்லாந்திலும் பிரான்ஸின் பிரிட்டனி வட்டாரத்திலும் இதே குறியீட்டைப் போட்டுப் பார்த்தபோது எடுபட்டது. ஜெர்மனி, பிரான்ஸ், ஆஸ்திரேலியா ஓடைகளை ஒப்பிட்டு 2013இல் வந்த ஆய்வு, மருந்து கலந்த ஓடைகளில் உயிரினங்களும் குடும்பங்களும் 42 சதவீதம் வரை குறைந்திருப்பதைக் காட்டியது. 2018, 2019 ஆண்டுகளில் ஜெர்மனி முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட சிற்றோடைகளை மழைநேர மாதிரி எடுத்து ஆராய்ந்தபோது, வயல்சூழ்ந்த ஓடைப் பகுதிகளில் 81 சதவீதத்தில் ஏதாவது ஒரு மருந்து அரசு வரம்பைத் தாண்டியிருந்தது. இத்தனையும் உலகிலேயே கறாரான மருந்து அனுமதி விதிகள் கொண்ட நாடுகளில் ஒன்றில்.

இந்த அணுகுமுறையின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் தெரிவது நம் பாறுக் கழுகுகளின் கதையில். மாட்டின் மடிநோய்க்கும் கால்வலிக்கும் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசி, செத்த மாட்டின் உடலில் தங்கி, அதைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. வெட்டிப் பார்த்தால் உள்ளுறுப்புகள்மேல் சுண்ணாம்பு பூசினாற்போல யூரிக் அமிலப் படிவு. பாகிஸ்தானில் இறந்த பறவைகளை ஆராய்ந்து லின்ட்ஸே ஓக்ஸ் குழுவினர் 2004இல் இதைக் கண்டறிந்தார்கள். 1992இலிருந்து 2007க்குள் இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் 99.9 சதவீதம் அழிந்திருந்தன.

பாறுவின் பிழைப்பைக் கொஞ்சம் பாருங்கள். பிணம் தவிர வேறு தீனி கிடையாது. ஒரு மாடு செத்துக்கிடந்தால் பத்துகளில், சில சமயம் நூறுகளில் வந்து இறங்கிச் சிறிது நேரத்தில் எலும்பை மட்டும் விட்டுப்போகும். ஊசி போட்ட ஒரே ஒரு மாடு ஒரு கூட்டத்துக்கே விருந்து. ஆண்டுக்கு ஒரு முட்டை, அதுவும் பறவைக்கு ஐந்து வயது வாக்கில்தான். வளர்ந்த பறவைகள் பல ஆண்டு சாகாமல் இருந்தால்தான் இந்தக் கணக்குக் கட்டுப்படியாகும். ஆண்டுக்கு நூற்றில் சில கூடுதலாகச் செத்தாலே கூட்டம் சரியும். இந்த வீழ்ச்சிக்கு எத்தனை பிணத்தில் மருந்து இருக்கவேண்டும் என்று கணக்கிட்டவர்களுக்குக் கிடைத்த விடை: நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. பண்புகளின் பட்டியல் கையில் இருந்திருந்தால், கால்நடை மருந்துகளுக்கு முதல் பலி யார் என்று 1980களிலேயே விரலைச் சுட்டியிருக்கலாம்.

ஆனால் எந்த மருந்து என்பதைப் பிழைப்பு முறை சொல்லியிருக்காது. ஆசியாவின் வெண்முதுகுப் பாறு, உடல் எடையில் கிலோவுக்கு 0.1 முதல் 0.2 மில்லிகிராம் டைக்ளோஃபெனாக்கில் செத்துவிடும். அதே போல வழுக்கைத் தலையும் பிணந்தின்னும் பிழைப்பும் கொண்ட அமெரிக்க வான்கோழிக் கழுகுக்குக் கிலோவுக்கு 25 மில்லிகிராம் கொடுத்தும் ஒன்றும் ஆகவில்லை. இரண்டும் வேறு வேறு பரம்பரையில் வந்து ஒரே தொழிலைப் பிடித்துக்கொண்ட பறவைகள். பிணமே தின்று பிழைக்காத ஸ்டெப்பி கழுகோ பாறுவுக்கு நெருங்கிய சொந்தம்; ராஜஸ்தானில் இறந்துகிடந்த ஸ்டெப்பி கழுகுகளின் உடலில் டைக்ளோஃபெனாக்கும் அதே யூரிக் அமிலப் படிவும் கண்டறியப்பட்டன. நஞ்சு தேடிவருமா என்பதைத் தொழில் தீர்மானிக்கிறது. வந்தால் உடல் தாங்குமா என்பதைப் பரம்பரை பெரும்பாலும் தீர்மானிக்கிறது. இரண்டையும் ஒரே பட்டியலில் குழப்பிக்கொண்டால் வான்கோழிக் கழுகுக்காகக் கவலைப்பட்டு ஸ்டெப்பி கழுகை மறந்துவிடுவோம்.

மாற்று மருந்தைத் தேடியபோது இந்தப் பாடம் உதவியது. ஆசியப் பாறுகள் மிச்சமிருந்ததே கொஞ்சம். அதனால் மெலாக்சிகாம் என்ற வலிநிவாரணியை முதலில் ஆப்பிரிக்காவில் அப்போது ஏராளமாக இருந்த அதே பேரினத்துப் பாறுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அவை தாங்கிய பிறகே ஆசியப் பறவைகளுக்குக் கொடுத்தார்கள். 2006இல் இந்தியா கால்நடை டைக்ளோஃபெனாக்கைத் தடை செய்தது. அதன் பிறகும் மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போயின. 2015இல் குப்பியை 3 மில்லிலிட்டராகக் குறைத்தார்கள், மருந்து நிறுவனங்கள் வழக்குப் போட்டன, 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் கட்டுப்பாட்டை உறுதி செய்தது. 2023இல் கீட்டோபுரோஃபென், அசெக்ளோஃபெனாக் என்ற வேறிரு வலிநிவாரணிகளும் கால்நடைகளுக்குத் தடையாயின. அசெக்ளோஃபெனாக் மாட்டின் உடலுக்குள் போனதும் டைக்ளோஃபெனாக்காகவே மாறுகிறது. மோயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் பாறுகளுக்கு இந்தத் தடைகள்தான் உயிர். ஆனால் ஒவ்வொரு தடையும் மருந்து புழக்கத்துக்கு வந்து பல ஆண்டு கழிந்தே வந்தது.

இனி ஓடைக்குத் திரும்பினால், ஸ்பியர் பட்டியலை அப்படியே கொண்டுவந்து காவிரிப் படுகையில் போட முடியாது. ஜெர்மனியில் மருந்தடிப்பின் உச்சம் மே, ஜூன் என்று இரண்டு மாதம். இங்கே குறுவை, சம்பா, தாளடி என்று ஆண்டின் பெரும்பகுதி வயலில் பயிர். அங்கே குளிர்ந்த நீரில் ஆண்டுக்கு ஒரு தலைமுறை காணும் மேஃப்ளைக் குடும்பங்கள் வெப்பமண்டலத்தில் ஆண்டுக்குப் பல தலைமுறை காண்கின்றன. நஞ்சுணர்விலும் வேறுபாடு உண்டு. வங்கதேசத்தின் மைமென்சிங்கில் நன்னீர்த் தொட்டிகளில் இமிடாகுளோபிரிட்டைக் கலந்து பார்த்தபோது, அங்குள்ள மேஃப்ளைகள் ஐரோப்பிய இனங்களைவிட மிகக் குறைந்த அளவிலேயே பாதிக்கப்பட்டன. நெதர்லாந்திலேயே குளிர்காலத் தலைமுறையைவிடக் கோடைத் தலைமுறைக்குத்தான் மருந்து கடுமையாகத் தாக்கியது. வெந்நாட்டு நீருக்கு ஐரோப்பிய வரம்பே போதும் என்று சொல்பவர்களுக்கு இந்த இரண்டு முடிவுகளும் இடைஞ்சல்.

நம் ஓடைப்பூச்சிகளின் பெயர்ப்பட்டியலுக்கு முழுக்கப் பஞ்சமில்லை. மதுரையின் கே.ஜி.சிவராமகிருஷ்ணனும் அவர் மாணவர்களும் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளின் மேஃப்ளைகளைப் பல பத்தாண்டுகளாக வகைப்படுத்தி வந்திருக்கிறார்கள். பண்புப் பட்டியலுக்கு அடுத்த படி வேண்டும்: ஒரே வாய்க்காலில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரே அளவு வலை வீசி, பிடிபட்ட புழுக்களின் தலை அகலத்தை நுண்ணோக்கியில் அளந்து வரைபடமாகப் போடவேண்டும். சின்னத் தலைகள் எத்தனை முறை கும்பலாகத் தோன்றி வளர்ந்து மறைகின்றன என்பதிலிருந்து ஆண்டுக்கு எத்தனை தலைமுறை என்பது தெரிந்துவிடும். வேதியியல் ஆய்வகம் இதற்குத் தேவையில்லை. விலங்கியல் துறை உள்ள எந்தக் கல்லூரியும் செய்யலாம்.

விடை எப்படி வந்தாலும் அதைப் படிப்பதில் கவனம் வேண்டும். ஒரு மேஃப்ளை ஆண்டுக்கு ஆறு தலைமுறை காண்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஜெர்மன் சல்லடையின்படி அது தப்பித்துவிடும். அரை ஆண்டுக்குக் குறைவான தலைமுறை, வேகமாக மீளும், ஆபத்தில் இல்லாதது. ஆனால் மேல்மடை வயலில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை தெளிப்பான் இறங்குகிறது என்றால், இரண்டு மாத வாழ்க்கைக்குள் ஒவ்வொரு தலைமுறையும் மூன்று நான்கு முறை மருந்தைச் சந்திக்கும், மீள இடைவெளியே கிடைக்காது. தலைமுறையின் நீளத்தைத் தனியாக எழுதாமல் இரண்டு மருந்தடிப்புக்கு நடுவே உள்ள நாட்களால் வகுத்து எழுதவேண்டும். அந்த வகுத்தலுக்கு வேண்டிய மற்ற எண், எந்த வாரம் எந்த மருந்து அடித்தோம் என்பது, நம் உழவர்களுக்கும் ஊர்ப் பூச்சிமருந்துக் கடைக்காரருக்கும் தெரியும்.